கறுப்புக் கோட்டில் நீல நூல்

இந்தத் தடவை ஜெயித்தே தீருவது என்று தையல்காரர் முடிவு செய்தார். யோக்கியமாக முடிந்தால் யோக்கியமாக. முடியாவிட்டால் வேறு வழியாக.

கல்யாணமாகி நாற்பது வருஷம். மனைவியிடம் அவர் ஜெயித்தது இரண்டே தடவை. ஒன்று, குடை தொலைந்தபோது. அவர் சொன்ன இடத்தில்தான் இருந்தது. இன்னொன்று எது என்று ஞாபகமில்லை. ஜெயித்தது மட்டும் ஞாபகமிருக்கிறது.

இப்போது பணயம் கடை. போனில் ஓடும் கொலைக் கதையில் கொலைகாரன் யார் என்று அவர் சரியாகச் சொன்னால் கடை நடக்கும். அவள் சரியாகச் சொன்னால் மாதக் கடைசியோடு பூட்டு.

கடை என்றால் பெரிய கடை இல்லை. தெருவைப் பார்த்த ஓர் அறை. பின்னால் வீடு. வெட்டுகிற மேசை, தையல் மிஷின், இஸ்திரிப் பெட்டி, ஆளுயரக் கண்ணாடி. சுவரில் நூல்கண்டுப் பலகை. போன மாதம்தான் அவர் கையால் துடைத்து, வெள்ளையில் தொடங்கிக் கறுப்பு வரை நிற வரிசையாக அடுக்கியது. அதில் அவருக்குப் பெருமை. கோட்டு தைக்கிற கடை. வெட்டுவதும் மிஷினும் அவர் வேலை. காஜாவும் பட்டனும் அவள் வேலை. பட்டன் நுழைகிற துளையைச் சுற்றி நூலால் கரை கட்டுவதுதான் காஜா. அவள் கையால் கட்டிய காஜா, கோட்டு கிழிந்தாலும் கிழியாது.

கை வேலையில் இருக்கும். காது சும்மா இருக்கும். அதற்குத்தான் கதை.

முன்பெல்லாம் அவள் படிப்பாள். வாடகைக்குப் புத்தகம் எடுத்து வந்து, மத்தியானம் இரண்டு மணிக்கு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் உரக்கப் படிப்பாள். எல்லாம் கொலைக் கதைதான். வேறு கதை அவருக்கு ஆகாது. பிணம் விழாத கதையில் இவருக்குத் தூக்கம் விழும். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் புத்தகத்தை மூடிவிடுவாள். கொலைகாரன் யார் என்று அவர் முதலில் சொல்ல வேண்டும். அவர் சொன்ன ஆளை அவள் சொல்லக் கூடாது. தோற்றவர் அன்றிலிருந்து அடுத்த புத்தகம் முடியும்வரை பாத்திரம் கழுவ வேண்டும். அந்த வீட்டில் யார் பாத்திரம் கழுவினார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வருஷத்துக்கு முன்னால் படிப்பதை நிறுத்தினாள்.

"தொண்டை வலிக்குது. இனிமே போன்லயே கேட்கலாம்."

"நீ படிச்சா என்ன? கடைசியாப் படிச்ச அஞ்சும் பிரமாதமா இருந்துச்சே."

"அஞ்சுமா?"

"அஞ்சும். யாரு எழுதினது?"

"யாரோ ஒரு பொம்பளை. புதுசு போல."

"கெட்டிக்காரி. ஆனா ஒண்ணு. நாலாம் அத்தியாயத்துல செத்தவன் பத்தொன்பதுல வந்து கதவைத் தட்டினானே, அது எப்படி?"

"அச்சுப் பிழை," என்றாள் மனைவி.

அதற்குப் பிறகு போன்தான். ஓரம் உடைந்த பழைய போன் ஒன்று மேசையில் கிடக்கும். முதலில் அதன் ஒயரை ஒரு காதில் மாட்டி என்னவோ கேட்பாள். பிறகு ஸ்பீக்கரில் போடுவாள். அது அவள் இலாகா. அவர் தொட்டதில்லை. தொண்டைக்குக் கம்பளி போர்த்தியது போன்ற குரலில் ஒரு ஆள் படிப்பான். அவனுக்கு எல்லாமே ஒன்றுதான். பிணம் விழுந்தாலும், போலீஸ்காரர் டீ குடித்தாலும் அதே குரல்.

இதிலும் அவர்தான் தோற்றார். காரணம் மிஷின். மிஷின் ஓடினால் கதை காதில் விழாது. அவள் கை ஊசிக்குச் சத்தமில்லை. முப்பத்து நாலு அத்தியாயக் கதை என்றால் முப்பத்து நாலும் அவளுக்கு. இவருக்குப் பன்னிரண்டு. அதுவும் கொலை நடக்கும்போது மிஷின் ஓடும். துக்கம் விசாரிக்கும்போது மிஷின் நிற்கும்.

சரி. கடையைப் பணயம் வைக்கும் அளவுக்கு என்ன வந்தது? வக்கீல் கோட்டு வந்தது.

வக்கீல் கண்ணாடி முன்னால் நின்று போட்டுப் பார்த்தார். முன்னால் பார்த்தார். பக்கவாட்டில் பார்த்தார். பிறகு வாசலுக்கு வந்து குனிந்து வயிற்றைப் பார்த்தார்.

"இது என்ன கலரு?"

"கறுப்பு."

"கோட்டு கறுப்பு. காஜா?"

தையல்காரர் பார்த்தார். நீலம். மேலிருந்து கீழ்வரை அத்தனை காஜாவும் நீலம். வேலை சுத்தம், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் நீலம்.

மனைவி பக்கம் திரும்பினார்.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? கறுப்புக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாம நாப்பது வருஷமா என்ன புடுங்கின?"

வக்கீல் தரையைப் பார்த்தார். மனைவி கோட்டை வாங்கி மடியில் போட்டு, விரலால் காஜாவைத் தடவித் தடவி நூலைப் பிரித்தாள்.

"அந்தக் கறுப்பை எடுத்துக் குடுங்க," என்றாள்.

குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தார். எடுத்து வீசினார். மடியில் விழுந்தது.

மறுநாள் காலையில் ஆரம்பித்தாள்.

"கடையை மூடிடலாம்."

"ஏன்?"

"போதும்."

"எது போதும்?"

"எல்லாந்தான்."

"நேத்து சத்தம் போட்டதுக்கா?"

"அதுக்கு இல்ல."

"பின்ன எதுக்கு?"

"போதும்னா போதும். அதுக்கு மேல என்ன கேட்குறீங்க?"

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அது அவர் தைத்துப் பழகாத உருப்படி. அளவு எங்கே எடுப்பது என்றே தெரியாது. அதனால் கத்தினார். அவள் கத்தவில்லை. வாரம் முழுக்கக் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, மாத்திரை போடுவதுபோல், "கடையை மூடிடலாம்" என்றாள்.

இந்தக் கோபம் நேற்று வந்ததில்லை என்று அவருக்குத் தெரியும். ஒரு வருஷமாகவே அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அவர் காதுக்கு அந்தண்டை, சுவரில் எதையோ பார்த்துக்கொண்டு பேசுகிறாள். அந்தச் சுவரில் ஓர் ஆணிகூட இல்லை. நாற்பது வருஷம் பார்த்த மூஞ்சி, சலித்துவிட்டது போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். உள்ளே ஏதோ முறிந்த ஊசி மாதிரி கிடந்தது. வெளியே சொல்லவில்லை. சொல்லி என்ன செய்ய? மூஞ்சியை மாற்றித் தைக்க முடியுமா?

கடைசியில் அவள்தான் சொன்னாள்.

"இப்ப ஓடுற கதை தீர்மானிக்கட்டும். நீங்க ஜெயிச்சா இனிமே வாயே திறக்க மாட்டேன்."

"நீ ஜெயிச்சா?"

"பூட்டு."

ரோஷத்தில் சரி என்றுவிட்டார். சொன்ன பிறகுதான் தன் சரித்திரம் ஞாபகம் வந்தது.

கதை இதுதான். பெரிய ஓட்டல். லிஃப்டுக்குள் முதலாளி செத்துக் கிடக்கிறார். சந்தேகம் மேனேஜர் மேல், இரண்டு மருமகள்கள் மேல், பியானோ வாசிக்கிறவன் மேல், டாக்டர் மேல். மிஷின் ஓடியதில் இவருக்குக் கிடைத்தது இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு கடையைக் காப்பாற்ற முடியாது. கடைசி அத்தியாயத்தைத் திருட்டுத்தனமாகக் கேட்டுவிட்டால் காரியம் முடிந்தது.

வியாழக்கிழமை சந்தர்ப்பம் வாய்த்தது.

"பல் டாக்டர்கிட்ட போயிட்டு வர்றேன். நாலு மணி ஆகும்."

"வருஷத்துல ஆறு தடவை போயிட்ட. ஒரு பல்லுகூடப் பிடுங்கலையே அந்தாளு?"

"நல்ல டாக்டர்."

"போறதுக்கு முன்னாடி ஒண்ணு. கதை எங்க நிக்குது?"

"இருபத்தாறு. எதுக்கு?"

"சும்மாதான்."

அவள் செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டு போனாள். வாசலில் மூன்று படி. மூன்றையும் மெதுவாக இறங்கினாள். தெருமுனை திரும்பும்வரை தையல்காரர் துணியை வெட்டுகிறமாதிரி நின்றார். கையில் கத்தரி இருந்தது. மேசையில் துணி இல்லை.

போனைத் தொட்டார்.

"பொத்தான்," என்றது போன்.

தையல்காரர் குனிந்து சட்டையைப் பார்த்தார். எல்லாம் போட்டுத்தான் இருந்தது.

மறுபடி தொட்டார். "இயக்கு. பொத்தான். செயல்படுத்த இருமுறை தட்டவும்," என்றது. பெண் குரல். அறையில் வேறு யாரும் இல்லை. இருமுறை தட்டினார். கம்பளிக் குரல் கிளம்பியது. நிறுத்தத் தட்டினார். "அத்தியாயப் பட்டியல்," என்று கத்தியது பெண் குரல். விரல் பட்ட இடமெல்லாம் பேசியது. இழுத்தால் பேசியது. துடைத்தால் பேசியது. "முப்பது. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு," என்று தெரு முழுக்கக் கேட்கும்படி ஏலம் விட்டது. துணியைப் போட்டு மூடினார். துணிக்குள்ளிருந்து பேசியது. திருடப் போன வீட்டில் சுவரெல்லாம் கூப்பாடு போட்டால் எப்படி இருக்கும், அப்படி வேர்த்துவிட்டது.

எப்படியோ முப்பத்து நாலு வந்தது. கேட்டார். கொலைகாரன் தோட்டக்காரன்.

எந்தத் தோட்டக்காரன்? அப்படி ஒரு ஆள் கதையில் இருப்பதே அவருக்குத் தெரியாது. அவன் வந்தபோதெல்லாம் மிஷின் ஓடியிருக்கிறது. போகட்டும். தோட்டக்காரன். கடை பிழைத்தது.

இனி போனைப் பழையபடி இருபத்தாறில் நிறுத்த வேண்டும். முடியவில்லை. தட்டினால் ஒன்று, தடவினால் ஒன்று. மணி மூன்று. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எதிர்ச்சாரியில் போன் ரிப்பேர் கடைக்கு ஓடினார். நெஞ்சுக்குள்ளிருந்து அது பேசிக்கொண்டே வந்தது.

ரிப்பேர் கடைக்காரனைத் தெருவில் எல்லோரும் டிஸ்பிளே என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் போனைக் கொண்டுபோனாலும், "டிஸ்பிளே போச்சு," என்பான். பேட்டரி தீர்ந்த போனுக்கும் அதுதான். அவன் பெண்டாட்டிக்குக் காய்ச்சல் வந்தபோதும் அப்படித்தான் சொன்னான் என்று ஒரு பேச்சு.

"இது தொட்டா கத்துது. என்ன கோளாறு பாரு. சீக்கிரம்."

டிஸ்பிளே வாங்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான்.

"டிஸ்பிளே நல்லாத்தான் இருக்கு," என்றான்.

அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்து தையல்காரர் கேட்டதில்லை.

"கோளாறே இல்லண்ணே. இப்படி வச்சுக் குடுத்தது நான்தான். போன வருஷம் அக்கா வந்து கேட்டாங்க."

"பேசற மாதிரியா? எதுக்கு?"

"கண்ணு தெரியாதவங்களுக்கு இப்படித்தானேண்ணே வைக்கணும்? தொட்டா என்னன்னு சொல்லும், அதைக் கேட்டுக்கிட்டே போயிடலாம்."

"யாருக்குக் கண்ணு தெரியல?"

டிஸ்பிளே நிமிர்ந்து பார்த்தான். பிறகு போனைப் பார்த்தான். கையிலிருந்த சின்னத் திருப்புளியைக் கீழே வைத்தான்.

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"தெரியும்," என்றார் தையல்காரர். "தெரியும், தெரியும். நான் கேட்டது போனைப் பத்தி."

கடைச் சுவரில் உயிரில்லாத போன்கள் வரிசையாகத் தொங்கின.

"முதல்ல எழுத்தைப் பெருசாக்கித் தரச் சொன்னாங்கண்ணே. ஆக்கினேன். இன்னும் பெருசுன்னாங்க. கடைசியில ஒரே எழுத்து டிஸ்பிளே முழுக்க நின்னுச்சு. அப்பவும் தெரியலன்னாங்க. நேராப் பார்த்தா நடுவுல ஒரு கறை நிக்குதாம். எதைப் பார்க்கணும்னு ஆசைப்படுறாங்களோ அதுமேலயே போய் உட்கார்ந்துக்குதாம். ஓரக்கண்ணுல மட்டும் கொஞ்சம் தெரியுதுன்னாங்க."

"ம்."

"டாக்டருங்க இதுக்கு மேல போகாம பார்த்துக்கலாம், போனது போனதுதான்னு சொல்லிட்டாங்களாம். அதுக்கும் சிரிச்சாங்கண்ணே அக்கா. 'எங்க வீட்டுக்காரர் மூஞ்சி நாப்பது வருஷமா மனப்பாடம், அதுக்கு டிஸ்பிளே வேண்டாம்'னாங்க."

தையல்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. போன் சரியில்லை என்று அவனைத் திட்டினார். கடையில் வெளிச்சம் போதாது என்றார். பிறகு, "இருபத்தாறுல நிறுத்திக் குடு," என்றார். நிறுத்திக் கொடுத்தான்.

கடைக்குத் திரும்பி வந்து மிஷின் முன்னால் உட்கார்ந்தார். எழுந்தார். கண்ணாடிக்கு எதிரே போய் நின்றார். கையை நீட்டி, கண்ணாடியில் தன் முகத்தின்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துப் பார்த்தார். மேசை தெரிந்தது. மிஷின் தெரிந்தது. சட்டை தெரிந்தது. சட்டைக்கு மேல் ஒன்றும் இல்லை. முகத்தைத் தேடி எவ்வளவு நேரம் பார்த்தாலும் கைதான் இருந்தது. கண்ணைச் சுவர்ப்பக்கம் திருப்பி, தலையை ஒருச்சாய்த்தால், கைக்கு அந்தப் பக்கம் ஒரு காதும் கொஞ்சம் நரைமுடியும் தெரிந்தன.

ஒரு வருஷமாக அவள் சுவரைப் பார்க்கவில்லை. இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. காலையில் எழுந்ததும், "உங்க கண்ணுதான் நல்ல கண்ணு," என்று சொல்லி ஒரு டஜன் ஊசியில் நூல் கோத்து வாங்கிக்கொண்டதை நினைத்தார். புகழ்ச்சி என்று வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். ஆறு தடவை போயும் குறையாத பல்லை நினைத்தார். கதையில் ஏழெட்டுக் கொலைகாரர்களைத் துரத்திய ஆள், இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தவளைப் பார்க்கவில்லை.

நூல்கண்டுப் பலகைக்கு வந்தபோது நின்றுவிட்டார்.

அவள் நிறம் பார்த்து எடுப்பதில்லை. இடம் பார்த்து எடுக்கிறாள். மேல் தட்டில் நாலாவது இடம் கறுப்பு. வருஷக்கணக்காக அங்கேதான் இருந்தது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "உனக்கு ஒரு ஒழுங்கே கிடையாது," என்று சொல்லி அதை எடுத்துக் கடைசியில் வைத்து, நாலாவதாக நீலத்தை வைத்தது யார்?

வக்கீல் கோட்டைக் கொலை செய்தவன் கிடைத்துவிட்டான். கண்ணாடியில் நின்றுகொண்டிருந்தான்.

மனைவி வந்தபோது மணி நாலு.

"பல் எப்படி இருக்கு?" என்றார் தையல்காரர்.

"இருக்கு."

"சரி," என்றார்.

இரண்டு நாள் கதை ஓடியது. முதல் தடவையாக மிஷின் ஓடவில்லை. ஆனாலும் கதை காதில் விழவில்லை. அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் நகத்தால் துணியின் ஓரத்தை அளந்து, ஊசியை இறக்கி, நூலைச் சுற்றி இழுத்து, மறுபடி நகத்தால் அளந்து. கண் அந்த வேலைக்கு வரவே இல்லை.

ஜெயிப்பதற்குத் திட்டம் போட்டவர் இப்போது தோற்பதற்குத் திட்டம் போட்டார். தப்பான ஆளைச் சொல்லிவிட வேண்டும். அவள் ஜெயித்ததாக இருக்கட்டும். கடையைப் பூட்டிவிடலாம். எதற்கு என்று கேட்க வேண்டாம். அவள் மறைத்தது மறைத்தபடியே இருக்கட்டும். நல்ல திட்டம்தான். நடிப்புதான் வரவில்லை. ஒரு டஜனுக்குப் பதில் முப்பது ஊசி கோத்துக் கொடுத்தார். வழியில் கிடந்த முக்காலியை எடுத்து மறைத்துவைத்தார். அவள் வழக்கமாக முக்காலியைத் தொட்டுத்தான் திரும்புவாள், இல்லாததால் மேசையில் இடித்துக்கொண்டாள். போதாததற்குச் சத்தமாகப் பேச ஆரம்பித்தார்.

"டீ! வச்சிருக்கேன்! வலது பக்கம்!"

"எனக்குக் காது நல்லாத்தான் கேட்குது," என்றாள். "எதுக்கு இப்படிக் கத்துறீங்க?"

சனிக்கிழமை முப்பத்து மூன்றாம் அத்தியாயம் முடிந்தது. அவள் போனை நிறுத்தினாள்.

"சொல்லுங்க. யாரு?"

தையல்காரர் யோசிப்பதுபோல் தாடையைச் சொறிந்தார்.

"டாக்டர்."

"யாரு?"

"டாக்டர்தான். முதல்லேர்ந்தே அந்தாள் மேல எனக்கு ஒரு கண்ணு." சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"டாக்டர் நேத்தே செத்துட்டார். மொட்டை மாடியிலேர்ந்து தள்ளிவிட்டாங்க. ரெண்டு அத்தியாயம் அழுதாங்க."

"செத்தா என்ன? சாகறதுக்கு முன்னாடி கொன்னிருப்பான்."

மனைவி ஊசியைத் துணியில் குத்திவைத்தாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். அதாவது, அவரைப் பார்த்தாள்.

"வியாழக்கிழமை நான் வந்து போன் ஒயரைக் காதில மாட்டினேன். கதை இருபத்தாறுலதான் நின்னுச்சு. ஆனா புத்தகத்துப் பேரைத் தொட்டா, 'கேட்டு முடித்தது'ன்னு சொல்லுது. நான் முடிக்கல. வீட்டுல வேற யாரு இருக்கா?"

தையல்காரர் கத்தரியை எடுத்துத் திரும்ப மேசையில் வைத்தார்.

"சரி, மனுஷன் திருட்டுத்தனம் பண்ணியாவது ஜெயிக்கட்டும், கடைமேல அவ்வளவு ஆசைன்னா இருக்கட்டும்னு ரெண்டு நாளா வாயை மூடிக்கிட்டிருந்தேன். தோட்டக்காரன்னு தெரிஞ்சுக்கிட்டே டாக்டர்ங்கிறீங்க. அப்ப கொலைகாரனைத் தவிர வேற எதையோ கண்டுபிடிச்சிருக்கீங்க."

"தோட்டக்காரன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மூணாம் அத்தியாயத்துலேயே தெரியும். மழை வரும்னு சொல்லிட்டு ஒருத்தன் செடிக்குத் தண்ணி ஊத்துவானா? பேச்சை மாத்தாதீங்க. யாரு சொன்னா? டிஸ்பிளேவா?"

"அவன் போன் நல்லா இருக்குன்னு சொன்னான்."

அவள் சிரிக்கவில்லை. மடியிலிருந்த துணியை நீவிவிட்டாள். நீவியதையே மறுபடி நீவினாள்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன். சொன்னா மறுநாளே ஊசியைப் பிடுங்கி வச்சுட்டு, 'நீ உட்காரு'ன்னு சொல்வீங்க. உட்கார்ந்து என்னத்தைப் பார்க்க? காஜாவுக்குக் கண்ணு வேண்டாம். கை போதும். அப்படித்தான் ஓட்டினேன். அந்த வக்கீல் வந்தப்பதான் தெரிஞ்சுது, கை போதாதுன்னு. உங்க பேரு கெட்டுப்போகும். உங்ககிட்ட இருக்கறதே அது ஒண்ணுதான்."

"நூலை மாத்தி வச்சது நான்," என்றார் தையல்காரர். குரல் கம்பளி போர்த்திக்கொண்டது. "நாலாவது இடத்துல நீலத்தை வச்சது நான்."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"நீங்க கத்தும்போதே."

"சொல்லியிருக்கலாமே. வக்கீல் முன்னாடி என் மூஞ்சியில விட்டெறிஞ்சிருக்கலாமே."

"சொன்னா, 'நிறத்தைப் பார்த்து எடுக்க வேண்டியதுதானே'ம்பீங்க. அப்புறம் என்ன சொல்றது?"

தையல்காரர் எழுந்து நூல்கண்டுப் பலகைக்குப் போனார். கறுப்பை எடுத்து நாலாவது இடத்தில் வைத்தார். கை பட்டு நீலம் கீழே விழுந்து, மேசைக்கு அடியில் உருண்டு போனது. குனிந்து எடுக்கத் தோன்றவில்லை.

"கடையைப் பூட்டிடலாம்," என்றார். "நீ ஜெயிச்சுட்ட."

"ம்."

"மாசக் கடைசிவரைக்கும் எதுக்கு? கையில இருக்கற ரெண்டு கோட்டு முடிஞ்சதும் பூட்டிடலாம். மத்தியானத்துல கதை கேட்போம். மிஷின் இருக்காது. எனக்கும் முப்பத்து நாலும் கிடைக்கும்."

"அந்தக் கம்பளிக்காரன் படிக்கிறதா?"

"அவன் வேண்டாம். அந்த அஞ்சு கதை எழுதினாளே, அந்தப் பொம்பளை. அவ வேற என்ன எழுதியிருக்கான்னு டிஸ்பிளேகிட்ட கேட்டுப் போட்டுத் தரச் சொல்றேன். அவ கதை போன்ல கிடைக்காதா?"

மனைவி சுவரைப் பார்க்கவில்லை. நேராகவே திரும்பியிருந்தாள். அப்படித் திரும்பினால் அவளுக்கு அவர் இருக்க மாட்டார்.

"கிடைக்காது," என்றாள்.

"ஏன்?"

"அப்பவே எழுத்து போயிடுச்சுங்க. புத்தகத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு, பக்கத்தைத் திருப்பிக்கிட்டு, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அஞ்சும் நான் சொன்னதுதான்."

தையல்காரர் மிஷினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"செத்தவன் வந்து கதவைத் தட்டினானே?"

"அவனைக் கொன்னது எனக்கு மறந்துபோச்சு. பத்தொன்பதுல வந்து நின்னப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. அதுக்கு மேல சமாளிக்க முடியல. தலையில எத்தனை பிணத்தைத்தான் தூக்கிக்கிட்டுத் திரியறது? அதான் தொண்டை வலின்னு சொல்லிட்டேன்."

"பிரமாதமா இருந்துச்சு," என்றார். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவளுக்குத் தெரியாது என்ற தைரியத்தில் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"அழாதீங்க. ஓரக்கண்ணு நல்லாத்தான் தெரியுது."

"அழல. பஞ்சு." இருமினார். நாற்பது வருஷப் பழக்கம், அந்த நேரத்திலும் ஒரு விஷயம் உறுத்தியது. "அந்த அஞ்சுலயும் நான் தோத்தேனே. ஒண்ணுலகூடவா கண்டுபிடிக்கல?"

"அஞ்சுலயும் சரியாத்தான் சொன்னீங்க."

"என்னது?"

"நீங்க சொன்ன ஆளுதான் ஒவ்வொரு தடவையும். கடைசி அத்தியாயத்துல மாத்திட்டேன்."

"எதுக்கு?"

"பாத்திரத்துல கறை போச்சா இல்லையான்னு எனக்குத் தெரியலையே. நீங்க கழுவினாத்தானே சுத்தமா இருக்கும்?"

தையல்காரர் எழுந்தார். உள்ளே தொட்டியில் டீ குடித்த இரண்டு டம்ளர் கிடந்தன. இன்றைக்கும் தோற்றது அவர்தான்.